தானே நகரும் புல்வெட்டி நகராமல் நின்றால்: கேபிள் முதல் கியர்பாக்ஸ் வரை

இன்ஜின் சத்தம் சுத்தமாக இருக்கிறது, பிளேடு நன்றாக வெட்டுகிறது, டிரைவ் லீவரை அழுத்தினால் மட்டும் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அல்லது சமதரையில் ஒழுங்காகப் போகிறது, திடலின் மேட்டுப் பக்கம் திருப்பினால் திணறுகிறது. உடனே "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். டிரைவ் அமைப்பிலேயே விலை கூடிய பாகம் கியர்பாக்ஸ்தான். கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். அதற்கு முன்னால் கேபிள், பெல்ட், பினியன் என்னும் சிறு பல்சக்கரம், சக்கரத்தின் உட்பல் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. இந்த நான்கையும் ஒரு சாக்கெட் செட்டும் திருப்புளியும் மூக்குக் குறடும் வைத்துக்கொண்டு வீட்டு வாசல் சிமெண்டுத் தரையிலேயே சோதித்துவிடலாம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தோளில் மாட்டும் வெட்டிதான் அதிகம். ஆனால் தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், தோட்ட பங்களா என்று பரந்த புல்தரை உள்ள இடங்களில் தானே நகரும் மெஷின் ஒன்றும் இருக்கும். குளிர்நாடுகளில் இந்த மெஷினுக்கு ஆண்டில் சில மாதம் ஓய்வு கிடைக்கும். பழுது பார்க்கும் வேலையும் அப்போது நடந்துவிடும். இங்கே புல் பன்னிரண்டு மாதமும் வளர்கிறது. அக்டோபர், நவம்பர் மழையில் வாரத்துக்கு ஒருமுறை வெட்டினாலும் போதாது. ஈரப்புல்லும் செம்மண்ணும் பெல்ட் மூடிக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் புகுந்து காய்ந்து கட்டியாகின்றன. இந்த ஊர் மெஷின்களின் டிரைவ் கெடுவதற்கு இதுவே பெரிய காரணம். அதனால் சோதனையில் பாதி வேலை சுத்தம் செய்வதுதான். சுத்தம் செய்யாமல் எந்தப் பாகத்தைப் பார்த்தும் முடிவுக்கு வராதீர்கள்.

விசை எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது

இன்ஜினின் நடுத்தண்டு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அதன் அடிமுனையில் பிளேடு, பிளேடுக்குச் சற்று மேலே ஒரு சிறிய புல்லி. அந்தப் புல்லியிலிருந்து ஒரு வி-பெல்ட் கியர்பாக்ஸின் புல்லிக்குப் போகிறது. பல மெஷின்களில் கியர்பாக்ஸுக்குள் இருப்பது திருகு போன்ற ஒரு புழுப்பல்லும் அது சுழற்றும் பல்சக்கரமும். வேகத்தைக் குறைத்து, சுழற்சியைக் கிடைமட்டமாக்கி, குறுக்குத் தண்டைச் சுழற்றுவது அதன் வேலை. தண்டின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு சிறிய பினியன். அந்தப் பினியன் சக்கரத்தின் உள்விளிம்பில் இருக்கும் பற்களைக் கடித்துச் சக்கரத்தை உருட்டுகிறது. முன்சக்கர டிரைவ் என்றால் கியர்பாக்ஸ் முன்னால் இருக்கும், பின்சக்கர டிரைவ் என்றால் பின்னால்.

லீவரை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கேபிள் கியர்பாக்ஸையே சற்றுச் சாய்க்கும், அல்லது ஒரு இடைப்புல்லியை இழுக்கும். அதுவரை தளர்ந்திருந்த பெல்ட் இறுகிச் சுற்றத் தொடங்கும். இரண்டாம் வகையில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். கேபிள் கியர்பாக்ஸின் மேலுள்ள ஒரு சிறு கையை இழுத்து உள்ளே இருக்கும் கிளட்சைப் பிடிக்க வைக்கும். உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரிய, பின் மூடியைத் திறந்து கேபிளின் கீழ்முனை எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் உடலோடோ அதன் தகட்டோடோ மாட்டியிருந்தால் முதல் வகை. தனியாக அசையும் சிறு கையில் மாட்டியிருந்தால் இரண்டாம் வகை. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அறிகுறிக்கு இரண்டு வகையிலும் காரணம் வேறாக இருக்கும்.

கை வைக்கும் முன்

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். இன்ஜின் அணைந்திருந்தாலும் பிளேடைக் கையால் சுழற்றினால் நடுத்தண்டும் சுழலும். சூடான இன்ஜின் அந்த அரைச் சுற்றில் தீப்பற்றி உதைக்கக்கூடும். விரல் போவது அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் "ஒரு நிமிட வேலைதானே" என்று எந்தச் சலுகையும் வேண்டாம்.

இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோலைச் சுத்தமான டின்னில் வடித்துவிடுங்கள். மெஷினைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாறிச் சாய்த்தால் எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கும். பிறகு புகை வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்னொரு பழுதைத் தேட வேண்டியிருக்கும். பிளேடைத் தொடுமுன் தடித்த கையுறை அணியுங்கள்.

எதையும் கழற்றாமல் செய்யும் சோதனை

மெஷினைச் சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், பிளக் வயர் கழன்றிருக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு முன்னால் தள்ளுங்கள், பின்னால் இழுங்கள். இரண்டு பக்கமும் லேசாக உருள வேண்டும். பின்னால் இழுக்கும்போது சக்கரம் பிடித்துக்கொண்டால் பதறாதீர்கள். ஒரு சாண் முன்னால் தள்ளிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். பல மெஷின்களில் பினியனைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோகச் சாவித்துண்டு அதற்குள் இருக்கும்; அப்படித் தள்ளினால்தான் அது விடுபடும். அது பழுது அல்ல, அமைப்பே அப்படி.

அடுத்து லீவரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மெஷினைப் பின்னால் இழுங்கள். டிரைவ் சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொண்டு தரையில் இழுபட வேண்டும். இரண்டும் பிடிக்கின்றன, ஆனால் இன்ஜின் ஓடும்போது மெஷின் நகரவில்லை என்றால் சக்கரப்பல்லும் பினியனும் கியர்பாக்ஸும் உயிரோடு இருக்கின்றன. பெல்ட் பக்கம் போங்கள். ஒரு சக்கரம் பிடித்து மற்றது சும்மா உருண்டால் உருளும் சக்கரத்தைக் கழற்றுங்கள், பழுது அங்கேதான். இரண்டுமே சும்மா உருண்டால் முதலில் கேபிள், அது சரியென்றால் இரு பினியன்கள், பிறகுதான் கியர்பாக்ஸ். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டாடிக் வகையில் மட்டும் முழுப்பிடிப்பு இல்லாமல் கனமான இழுப்பாகத் தெரியலாம்.

ஓடும்போது தெரியும் குறிகளும் வழிகாட்டும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. டக் டக் என்று சத்தத்தோடு குலுங்கி நகர்ந்தால் பல் தாவுகிறது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் ஒரு சக்கரம் மட்டுமே வேலை செய்கிறது. ஆரம்பத்தில் நன்றாகப் போய், சிறிது நேரம் கழித்துச் சூடேறியதும் தளர்ந்தால் மினுமினுப்பான பழைய பெல்ட்டாக இருக்கலாம். ஹைட்ரோஸ்டாடிக் வகையில் எண்ணெய் குறைந்திருக்கலாம். லீவரை விட்ட பின்னும் மெஷின் நகர்ந்துகொண்டே இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை யாரும் அந்த மெஷினைத் தொடக்கூடாது. பள்ளித் திடலில் ஓடும் மெஷினுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

முன்சக்கர டிரைவ் மெஷினில் இன்னொன்று. புல் சேரும் பை நிறைந்தால் எடை பின்னால் போய் முன்சக்கரம் தரையைக் கவ்வாது. கைப்பிடியை அழுத்திப் பிடித்து நடப்பவர்களுக்கும் இதே கதிதான். சக்கரம் சுழல்கிறது, மெஷின் நகரவில்லை என்றால் பையைக் காலி செய்து, கைப்பிடியின் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். டயரின் கட்டைகள் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தால் ஈரமான கவ் கிராஸ் புல் மேல் புது கியர்பாக்ஸ் போட்டாலும் நகராது.

கேபிள்

கேபிள் வேலை சின்னது, பலனோ பெரிது. லீவரை அழுத்தும்போது கேபிளின் கீழ்முனை உண்மையில் நகர்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால் உட்கம்பி அறுந்திருக்கும், அல்லது கொக்கி கழன்றிருக்கும். லீவர் கனமாக வந்து, விட்டால் திரும்ப மறுத்தால் உள்ளே துரு. கார் பூட்டில் ஏற்றக் கைப்பிடியை மடக்கும்போது கேபிள் மடிப்பில் நசுங்குவது உண்டு. உறையில் வெள்ளைக் கோடு விழுந்த மடிப்பு தெரிந்தால் அந்தக் கேபிளைச் சரிசெய்து பயனில்லை, மாற்றுங்கள்.

கேபிள் நன்றாக இருந்து நீண்டு மட்டும் போயிருந்தால் சரிசெய்யும் திருகு உதவும். அது கைப்பிடி அருகிலோ கேபிளின் நடுவிலோ இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை அரைச் சுற்று திருப்பி, சோதித்து, தேவைப்பட்டால் இன்னோர் அரைச் சுற்று. லீவர் பாதித் தூரம் வரும்போது பிடிக்கத் தொடங்கி, முழுதாக அழுத்தும்போது முழுப்பிடி கிடைத்தால் சரி. லீவரை விட்டதும் மெஷின் இரு பக்கமும் தடையின்றி உருள வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கேபிளை மிகையாக இறுக்கினால் பெல்ட் எப்போதும் அரைகுறையாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் கருகிப்போகும். "இறுக்கினேன், நன்றாக ஓடியது, பிறகு பெல்ட் போய்விட்டது" என்னும் புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரிசெய்யும் திருகு கடைசி வரை வந்தும் பிடி போதவில்லை என்றால் கேபிளை விட்டுவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். தேய்ந்த பெல்ட்டின் குறையைக் கேபிளால் ஈடுகட்ட முடியாது.

புதுக் கேபிள் வாங்கும்போது உறையின் நீளம், உறைக்கு வெளியே தெரியும் உட்கம்பியின் நீளம், இரு முனைகளின் வடிவம் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கடையில் செய்து வாங்குவதானால் பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். பல மெஷின்களில் கேபிளின் கீழ்முனையில் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். அதை விட்டுவிட்டு நேரடியாக மாட்டினால் பெல்ட்டுக்குப் போகும் இழுவிசை மிதமிஞ்சிவிடும்.

பெல்ட்

வி-பெல்ட் புல்லியின் அடியில் உட்கார்ந்து பிடிப்பதில்லை. அதன் இரு பக்கச் சுவர்கள்தான் புல்லியின் சரிவுகளைக் கவ்வுகின்றன. பெல்ட் தேயத் தேய ஒடுங்கி, பள்ளத்துக்குள் இறங்குகிறது. அடிப்பகுதி புல்லியின் அடியைத் தொட்ட நாளிலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆகவே பெல்ட் அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் மேற்பரப்பு புல்லி விளிம்பின் மட்டத்தில் இருக்கிறதா, அல்லது உள்ளே மூழ்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மூழ்கியிருந்தால் பார்வைக்கு முழுசாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. புல்லியின் அடிப்பள்ளம் மட்டும் பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியைத் தொட்டு ஓடியதற்கு அதுவே சாட்சி.

பக்கச் சுவர் கண்ணாடி போல் மினுங்குவது, உட்புறம் விரிசல் விடுவது, ஓரிடத்தில் மட்டும் கருகித் தட்டையாக இருப்பது ஆகியவையும் மாற்ற வேண்டிய அடையாளங்கள். ஓரிடக் கருகல் என்றால் மெஷின் எதிலோ முட்டி நின்றபோது லீவரை விடாமல் பிடித்திருக்கிறார்கள். சக்கரமும் பெல்ட்டும் நிற்க, இன்ஜின் புல்லி ஒரே இடத்தில் தேய்த்திருக்கிறது.

பெல்ட்டில் எண்ணெய் படிந்திருந்தால் அதைத் துடைத்துப் போடுவதில் அர்த்தமில்லை. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. இன்ஜினின் அடிச் சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் வளையம், கசிந்தால் நடுத்தண்டைச் சுற்றி, புல்லிக்கு மேலே கறுப்பான ஈரம் தெரியும். அந்தச் சீலை மாற்றாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் விரைவில் கெடும். வழுக்கும் பெல்ட்டுக்கு ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஓடும், பிறகு அதன் பிசுபிசுப்பில் செம்மண் ஒட்டி புல்லியையும் தேய்க்கும்.

முதல் வகை மெஷினில் பெல்ட் நன்றாகவே இருந்தும் வழுக்கினால் கியர்பாக்ஸ் சாய இடமில்லாமல் போயிருக்கலாம். மூடிக்குள் புல் காய்ந்து செங்கல் மாதிரி இறுகிப்போய் அதன் அசைவைத் தடுத்துவிடும். மரக்குச்சியாலும் கம்பித் தூரிகையாலும் சுரண்டி எடுத்து, கியர்பாக்ஸ் கையால் தள்ளினால் ஆடுகிறதா, ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சுத்தத்திலேயே பழுது தீர்ந்துபோகும் மெஷின்கள் மழைக்காலத்தில் ஏராளம்.

மாற்றுவதென்றால் பிளேடில் தொடங்க வேண்டும். பிளேடுக்கும் அதை மூடியிருக்கும் டெக்கின் சுவருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, போல்ட்டை இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். பிளேடு, வாஷர்கள், பிளேடு தாங்கி எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கியோடு புல்லியும் சேர்ந்து வரும் மாடல்களில் நடுத்தண்டுக்கும் அதற்கும் இடையே ஒரு சிறு சாவித்துண்டு இருக்கும். அது பாதியாக வெட்டுண்டிருந்தால் உங்கள் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே அர்த்தம். புல்லி தண்டின் மேல் சும்மா சுற்றுகிறது. பிளேடு கல்லிலோ வேரிலோ மோதிய மெஷின்களில் இதைத் தவறாமல் பாருங்கள்.

பிறகு பெல்ட் மூடியின் திருகுகள். மூடியை எடுத்ததும் பெல்ட் எந்தக் கம்பிக்கு உள்ளே, எதற்கு வெளியே போகிறது என்று இன்னொரு படம். பழைய பெல்ட்டை முதலில் கியர்பாக்ஸ் புல்லியிலிருந்து நழுவ விட்டு, பிறகு இன்ஜின் பக்கம் எடுங்கள். புல்லிப் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு முனைகளை மெல்லிய உப்புத்தாளால் நீவுங்கள். கியர்பாக்ஸ் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டோடு சேர்ந்து அசையாமல் தனியாக ஆடினால் அதன் ஊசியோ பல்வரிசையோ தேய்ந்திருக்கிறது. புது பெல்ட்டை முதலில் இன்ஜின் புல்லியில் போட்டு, கடைசியில் கியர்பாக்ஸ் புல்லியில் ஏற்றுங்கள். வழிகாட்டிக் கம்பிகளுக்கு உள்ளே இருக்கிறதா, எங்காவது முறுக்கிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் அறுந்துவிடும். ஏறவில்லை என்றால் அளவு தப்பு, அல்லது கேபிள் இன்னும் இறுகியிருக்கிறது.

பிளேடைத் திரும்ப மாட்டும்போது அதன் மடிந்து நிமிர்ந்த பகுதி டெக்கை நோக்கி மேலே இருக்க வேண்டும். போல்ட்டின் முறுக்கு பல மாடல்களில் 50 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றி, டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள்.

புது பெல்ட் போட்ட பிறகு பலர் மறப்பது கேபிளைத் தளர்த்துவதை. பழைய பெல்ட் நீண்டபோதெல்லாம் திருகைத் திருகி இறுக்கி வைத்திருப்பார்கள். புது பெல்ட் அகலமானது, நீளாதது. திருகை முழுக்கப் பின்னுக்குத் திருப்பிவிட்டு, மேலே சொன்ன முறையில் புதிதாக அமைக்க வேண்டும்.

பெல்ட் வாங்கும்போது

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். தவறான பெல்ட்டோடு ஈப்போவுக்கும் வீட்டுக்கும் அலைவது இங்கே சகஜம்.

மெஷினின் மாடல் எண்ணும் இன்ஜினின் மாடல் எண்ணும் வேறு வேறு. பெல்ட்டுக்கு வேண்டியது மெஷினுடையது. பெரும்பாலும் டெக்கின் பின்பக்கத் தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி அசல் பெல்ட் கேட்பதே பாதுகாப்பு. பழைய பெல்ட்டை நூலால் அளந்து வாங்கினால், நீண்டுபோன அளவைத்தான் வாங்குவீர்கள்.

அசல் கிடைக்காமல் ஹார்ட்வேர் கடையில் வாங்குவதானால் எழுத்துகளைக் கவனியுங்கள். 3எல் என்று தொடங்கும் பெல்ட்டின் மேலகலம் 3/8 அங்குலம். 4எல் என்றால் அரை அங்குலம். 4எல்350 என்றால் வெளிச்சுற்றளவு 35 அங்குலம். கடையில் அதே அரை அங்குல அகலத்தில் ஏ வரிசைப் பெல்ட்டும் இருக்கும். ஆனால் ஏ வரிசையின் எண் வெளிச்சுற்றளவைக் குறிப்பதில்லை. 4எல்350க்குப் பதில் ஏ35 வாங்கினால் வெளிச்சுற்றளவு ஓர் அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. அகலமும் முக்கியம். அரை அங்குலப் பள்ளத்தில் 3/8 அங்குலப் பெல்ட் போட்டால் அடியைத் தொட்டு முதல் நாளே வழுக்கும்.

முதல் வகை மெஷினில், அதாவது பெல்ட்டே கிளட்ச் வேலையும் செய்யும் மெஷினில், துணி உறை போட்ட, அராமிட் என்னும் வலுவான செயற்கை நூல் உள்ள பெல்ட்டே தாங்கும். லீவரை ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அது சற்று வழுக்கித்தான் பிடிக்கிறது. சாதாரணத் தொழிற்சாலைப் பெல்ட் அந்த வழுக்கலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

சக்கரமும் பினியனும்

மெஷினை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சக்கரத்தின் நடுமூடியைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி எடுங்கள். நட்டைக் கழற்றினால் சக்கரம் வந்துவிடும். வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். ஒரு வாஷர் குறைந்தாலும் சக்கரம் சாய்ந்து பல் முழுதாகப் பதியாது.

உள்ளே செம்மண்ணும் புல்லும் அப்பியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்த பிறகு சக்கரத்தின் உட்பற்களைப் பாருங்கள். நல்ல பல்லின் முனை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கத்திமுனையாய் ஒல்லியாகியிருக்கும், சில இடங்களில் வழித்தே போயிருக்கும். பல மெஷின்களில் சக்கரப் பல் பிளாஸ்டிக், பினியன் இரும்பு. முதலில் தேய்வது பிளாஸ்டிக்தான். அதற்காகச் சக்கரத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பினியனின் பல் கூர்ந்திருந்தால் புதுச் சக்கரத்தையும் அது தின்றுவிடும். பினியனையும் சக்கரத்தையும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. முடிந்தால் இடம், வலம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். விட்டம் சற்று வேறுபட்டாலும் மெஷின் ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்து பினியனைக் கையால் திருப்பிப் பாருங்கள். மெஷின் முன்னால் போகும்போது சக்கரம் உருளும் திசையில் திருப்பினால் டிக் டிக் என்று சும்மா சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் உடனே தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரு திசையிலும் சும்மா சுற்றினால் உள்ளே இருக்கும் சாவித்துண்டு தேய்ந்தோ அழுக்கில் ஒட்டிக்கொண்டோ இருக்கிறது. இரு திசையிலும் பிடித்தால் துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்படிப்பட்ட மெஷினைத் தள்ளவே கை வலிக்கும்.

பினியனைத் தாங்குவது தண்டு முனையில் உள்ள ஒரு சிறு இ-கிளிப், அதாவது E எழுத்து வடிவப் பிடிப்பான். திருப்புளியால் தள்ளும்போது அது தெறித்துப் புல்லில் காணாமல் போகும், ஆகவே ஒரு துணியால் மூடிக்கொண்டு எடுங்கள். பினியனை வெளியே இழுக்கும்போது தண்டின் துளையில் உள்ள சாவித்துண்டு கீழே விழும். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது முக்கியம். ஒரு விளிம்பு சரிவாகவும் மற்றது செங்குத்தாகவும் இருக்கும். செங்குத்து விளிம்புதான் பிடிக்கிறது. சரிவு தேய்வதில் தவறில்லை, செங்குத்து மூலை உருண்டு போயிருந்தால் மாற்ற வேண்டும்.

இடப்பக்கப் பினியனும் வலப்பக்கப் பினியனும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பல மாடல்களில் வேறு வேறு. மாற்றி மாட்டினால் எல்லாம் புதிதாக இருந்தும் மெஷின் முன்னால் ஒரு அடி நகராது. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்து மாட்டிய பிறகே மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்து நிதானிக்கலாம்.

சாவித்துண்டுக்கும் தண்டுக்கும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். திறந்திருக்கும் சக்கரப் பல்லில் கையேடு சொன்னாலொழிய கிரீஸை அப்பாதீர்கள். செம்மண் அதில் ஒட்டி அரத்தூள் போல வேலை செய்யும்.

சக்கரத்தை மாட்டும் முன் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்சக்கர டிரைவில் உயரம் மாற்றும் கைக்குள் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தால் தண்டு ஆடும். ஆடினால் பல் பாதி ஆழம்தான் பதியும், சுமை வந்ததும் தாவும். புதுச் சக்கரம் போட்டும் டக் டக் சத்தம் நிற்காத மெஷினில் காரணம் பெரும்பாலும் இந்தப் புஷ்தான்.

தண்டைச் சுற்றி என்ன சுற்றியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கடையில் தங்சி என்று கேட்டு வாங்கும் வெட்டிக் கயிற்றின் துண்டுகள், கோயில் வளாகத்தில் மாலை நார், பிளாஸ்டிக் பை, எல்லாம் தண்டில் சுற்றிக்கொண்டு கியர்பாக்ஸின் சீலை அறுத்துவிடும். கத்தரித்து எடுங்கள், இழுத்துப் பிடுங்கினால் சீல் உதடும் சேர்ந்து வரும்.

கியர்பாக்ஸ்

இதுவரை எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே இங்கே வர வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லியைக் கையால் சுற்றுங்கள். இரண்டாம் வகை மெஷின் என்றால் ஒருவர் லீவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். புல்லி பல சுற்று சுற்றினால் குறுக்குத் தண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். புல்லி சுற்றியும் தண்டு அசையவில்லை என்றால் உள்ளே பல் வழித்துவிட்டது, அல்லது தண்டோடு பல்லைப் பிணைக்கும் ஊசி அறுந்துவிட்டது. கரகரப்பு, ஒரே இடத்தில் தடுக்கல், சீல் வழியே கசிந்த கிரீஸ் ஆகியவை நெருங்கிவரும் முடிவின் அடையாளங்கள்.

உடலைத் திறந்து பல்லை மட்டும் மாற்றுவது சில மாடல்களில் முடியும். பாகம் தனியாகக் கிடைக்காவிட்டால் முழுக் கியர்பாக்ஸாக மாற்றுவதே வழி. ஹைட்ரோஸ்டாடிக் வகையை வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே போகும் ஒரு மணல்துகளே அதை வீணாக்கப் போதும். முழுதாக மாற்றும்போது பழைய தண்டிலிருந்த வாஷர், புஷ், ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் புதியதற்கு மாற்றிய பிறகே பழையதை வீசுங்கள்.

கியர்பாக்ஸைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். கார் கழுவும் இடத்து வாட்டர் ஜெட்டை அடியில் பீய்ச்சி அடித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் மண்ணும் நீரும் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். வெட்டி முடித்ததும், புல் காயும் முன், மரக்கட்டையால் சுரண்டித் தூரிகையால் துடைப்பதே நல்லது.

ஓட்டிப் பார்த்தல்

மூடிகள் எல்லாம் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, கடைசியில்தான் பிளக் வயர். இன்ஜினை ஓடவிட்டு, லீவரைத் தொடாமல் சிறிது நேரம் நில்லுங்கள். மெஷின் தானாக ஓர் அங்குலம் நகர்ந்தாலும் நிறுத்தி, கேபிளைத் தளர்த்துங்கள். பிறகு சமதரையில் பத்து அடி, பிறகு மேட்டில், பிறகு பை நிறைந்த நிலையில். ஒவ்வொன்றிலும் லீவரை விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். புது பெல்ட் முதல் ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்தில் படிந்து சற்றுத் தளரும். அப்போது இன்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, கேபிள் திருகை அரைச் சுற்று சரிசெய்து, பிளேடு போல்ட்டின் முறுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.